அறுபதாம் கல்யாணம் யாருடைய கல்யாணம்?

பராபவ வருடம் பிறந்துவிட்டது. 1966 ஏப்ரல் நடுவிலிருந்து 1967 ஏப்ரல் நடுவுக்குள் பிறந்த எல்லோருக்கும், தாம் பிறந்த வருடம் அதே பெயரோடு திரும்ப வந்திருக்கிறது. நம் குடியிருப்பில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருக்கிறீர்கள் என்பதற்கு கம்யூனிட்டி ஹால் முன்பதிவு நோட்டே சாட்சி. ஆகவே இந்த இதழில் சஷ்டியப்தபூர்த்தி என்கிற அறுபதாம் கல்யாணத்தின் கதையைப் பேசலாம். மண்டபம், சமையல், பத்திரிகை என்று நீங்கள் இறங்குவதற்கு முன் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் சில முடிவுகளை வேறு மாதிரி எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. ஏன் அறுபது? வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள், சனி சுற்றிவர ஏறக்குறைய 30 ஆண்டுகள். இரண்டுக்கும் பொதுவான மிகச் சிறிய எண் 60. அதாவது நீங்கள் பிறந்தபோது குருவும் சனியும் இருந்த இடங்களுக்கே இருவரும் திரும்பி வரும் காலம் இது. துல்லியமாகப் பார்த்தால் 11.86, 29.46 என்று கொஞ்சம் குறையும். ஆனாலும் கணக்கு அடிப்படையில் சரியானதே. 1961-ல் வானில் ஒன்றுசேர்ந்த குருவும் சனியும் 2020 டிசம்பரில் ஏறக்குறைய அதே பகுதியில் மறுபடி சேர்ந்ததை நம்மில் பலர் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம்.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களைச் சுற்றிச்சுற்றிச் சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கை ஒட்டி வந்ததுதான். வடநாட்டில் வியாழனின் ஓட்டத்தை அப்படியே பின்பற்றுவதால் அவ்வப்போது ஒரு வருடப் பெயரைத் தள்ளிவிடுவார்கள். தெற்கே நாம் அந்தப் பெயர்களைச் சூரிய வருடத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். அதனால்தான் இங்கே அறுபது நிறையும்போது பிறந்த வருடத்தின் பெயர் பிசகாமல் திரும்புகிறது. பிறந்த வருடம், பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரம் மூன்றும் சேரும் நாள்தான் விழா நாள். ஆங்கிலத் தேதியை வைத்து ஹாலைப் பிடித்துவிடாதீர்கள். நட்சத்திரங்களின் சுற்று 27 நாளுக்குச் சற்று மேல். தமிழ் மாதமோ 30, 31 நாள் வரும். சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். எதை எடுப்பது என்பதை உங்கள் வீட்டு வாத்தியாரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறுபதாம் கல்யாணம் என்று நாம் சொல்லும் சடங்கு கல்யாணமாகத் தொடங்கியது இல்லை. அது ஒரு சாந்தி. சாந்தி என்றால் வரக்கூடிய கேட்டைத் தணிப்பது. மனித ஆயுளில் சில திருப்பங்கள் ஆபத்தானவை, அவற்றைத் தாண்டும்போது தெய்வங்களை வேண்டிக் கலசம் வைத்து, ஹோமம் செய்து, அந்தக் கலச நீரால் தலையில் அபிஷேகம் செய்து, தானம் கொடுக்க வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்லின. தர்மசாஸ்திரங்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய பி.வி. காணே, ஐந்தாம் தொகுதியில் இந்தச் சாந்திகளை விரிவாகப் பேசுகிறார். அறுபதுக்கு உக்ரரத சாந்தி. 77-ஆம் வயதின் ஏழாம் மாதத்து ஏழாம் இரவு பீமரதி என்னும் கடக்க முடியாத இரவு. அதைக் கடந்தால் ஒரு சாந்தி. ஆயிரம் நிலவைக் கண்டவருக்கு இன்னொன்று.

நம் ஊர் வழக்கில் இந்தப் பெயர்கள் இடம் மாறிவிட்டன. 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, அந்த 77 வருடம் 7 மாதக் கணக்குக்கு விஜயரத சாந்தி, 80-ஐத் தாண்டியதும் சதாபிஷேகம் என்று நாம் அடுக்கி வைத்திருக்கிறோம். சாஸ்திரம் கல்லில் எழுதியது என்று யாராவது உங்களை மிரட்டினால் இந்த இடமாற்றத்தை நினைவூட்டலாம். ஆயிரம் பிறைக் கணக்கையும் நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 12.37 பௌர்ணமி வீதம், வழக்கமாகச் சொல்லும் 80 வருடம் 8 மாதத்துக்கு 997 அல்லது 998 பௌர்ணமிதான் வருகிறது. இரண்டு மூன்று நிலாவுக்காக யாரும் விழாவைத் தள்ளிப்போட்டதில்லை.

இந்தச் சாந்திகள் எல்லாவற்றிலும் நடுநாயகம் ஒருவர்தான்: வயது நிறைகிறவர். பிறந்த நட்சத்திரம் அவருடையது, ஆயுள் அவருடையது, வேண்டுதல் அவருக்காக. மனைவி பக்கத்தில் உட்காருகிறார். எந்த வைதிகச் சடங்கிலும் இல்லறத்தான் மனைவியோடுதான் உட்கார வேண்டும் என்பதால். தாலி கட்டுவது இந்தச் சாந்தியின் உயிர்நாடி அல்ல. அது பிறகு வழக்கத்தில் வந்து சேர்ந்து, இன்று மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஹோமத்தின்போது பாதிப் பேர் டிபன் சாப்பிடப் போய்விடுகிறார்கள். தாலி கட்டும்போது ஓடி வருகிறார்கள்.

திருக்கடையூரைப் பாருங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிற ஊர். அறுபது என்றாலே அந்த ஊர்தான் நம் நினைவுக்கு வருகிறது. முகூர்த்த நாளில் போனால் பக்கத்துப் பக்கத்தில் எத்தனையோ ஜோடிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஹோமகுண்டம், யாருடைய மந்திரம் யாருக்கு என்று தெரியாத அளவுக்குச் சத்தம். தேவார மூவரும் பாடிய தலம் அது. பழைய பெயர் கடவூர். சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லும் எட்டு வீரட்டானங்களில் ஒன்று. அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் செயல் எமனை உதைத்தது. மார்க்கண்டேயனுக்கு ஆயுள் பதினாறு. எமன் பாசக்கயிறு வீசுகிறான். பையன் லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். சிவன் வெளிப்பட்டுக் காலனைக் காலால் உதைக்கிறார். தேவாரம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த உதையைத்தான்.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கைதான். தமிழ்நாட்டிலேயே அதிகமான தம்பதிகள் மறுமணக்கோலம் பூணும் அந்தக் கோயிலின் கதாநாயகன் கல்யாணமே ஆகாத பதினாறு வயதுப் பையன். அவன் கதையில் தாலி இல்லை, மனைவி இல்லை. ஆயுள் ஒன்றுதான் பேச்சு. அமிர்தகடேசுவரரிடம் மக்கள் கேட்டு வந்ததும் அதைத்தான்.

ஆனால் அதே கடவூரில் தாலியைப் பற்றியும் ஒரு பழைய கதை இருக்கிறது. அறுபதுக்குப் போகிறவர்களில் அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியது. குங்கிலியக் கலய நாயனார் கடவூர்க்காரர். கோயிலில் நாள்தோறும் குங்கிலியத் தூபம் போடுவதைத் தம் தொண்டாக வைத்திருந்தவர். வறுமை வந்தது. நிலம் போயிற்று, வீட்டில் இருந்ததெல்லாம் போயிற்று, பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அப்போது அவர் மனைவி தம் கழுத்திலிருந்த தாலியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்து, இதை விற்று நெல் வாங்கி வாருங்கள் என்றார். அவர் போகும் வழியில் ஒரு வணிகன் குங்கிலிய மூட்டையோடு வந்தான். நாயனார் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கி நேரே கோயிலுக்குப் போய்விட்டார். வீட்டில் பிள்ளைகளும் தாயும் பசியோடு தூங்கினார்கள். அந்த இரவு இறைவன் அருளால் வீடு முழுக்க நெல்லும் பொன்னும் நிறைந்தது என்று கதை முடிகிறது. அந்த வரத்தை முதலில் கனவில் அறிந்தவர் மனைவிதான்.

நாயன்மார் வரிசையில் கலயருக்கு இடம் உண்டு. அந்த அம்மாளுக்குச் சேக்கிழார் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. பக்தியின் பெருமையைச் சொல்ல வந்த கதை அது, நான் மறுக்கவில்லை. ஆனால் தாலி என்பது ஒரு குடும்பத்தின் கடைசிச் சேமிப்பு என்பதும், அதைக் கழற்றிக் கொடுக்கத் துணிந்தவள் யார் என்பதும் அந்தக் கதையில் அப்பட்டமாக இருக்கிறது. நம் வீடுகளில் வேறு மாதிரி நடந்திருக்கிறதா? பிளாட்டுக்கு முன்பணம் கட்டவும், பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் அடகுக்கடைக்குப் போன சங்கிலி யாருடையது? அறுபதில் புதுத் தாலி வாங்கப் போகும்போது பழைய சங்கிலி எத்தனை முறை போய் வந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தாலிக்கும் முந்தைய காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டு ஒரு சங்ககாலக் கல்யாணத்தை விவரிக்கிறது. உளுந்து சேர்த்த பொங்கல் விருந்து, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, ரோகிணியோடு நிலா சேர்ந்த நல்ல நாள். பிள்ளை பெற்ற மங்கலப் பெண்கள் நான்கு பேர், பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண்ணின் தலையில் வார்த்து வாழ்த்துகிறார்கள். அந்தப் பாட்டில் தீ வலம் வருவதும் இல்லை, தாலியும் இல்லை. தலையில் வார்க்கும் நீர்தான் கல்யாணம். அறுபதாம் கல்யாணத்தில் கலச நீரைப் பிள்ளைகளும் உறவினரும் சல்லடையைப் பிடித்து வார்க்கும்போது எனக்கு எப்போதும் அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று நான் வாதாடவில்லை. முதல் கல்யாணத்தில் பெரியவர்கள் வார்த்தார்கள், இதில் சிறியவர்கள் வார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி, இந்தச் சாந்தி எப்படிக் கல்யாணமாக வளர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள நூறு வருடங்களுக்கு முந்தைய வீடுகளுக்குப் போக வேண்டும்.

அன்று அறுபது என்பது அரிய வயது. 1951 கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியை மிகவும் கீழே இழுத்தன என்பது உண்மை. அதைத் தாண்டி வளர்ந்தவர்கள் ஓரளவு வாழ்ந்தார்கள். இருந்தாலும் கணவன் அறுபதைத் தொட வேண்டும், அதுவரை மனைவியும் பல பிரசவங்களைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அது எளிதில் வாய்க்கக்கூடியதாக இல்லை. ஊரில் எப்போதோ ஒரு வீட்டில் நடந்தது. அதனால்தான் ஊரே திரண்டது. அதனால்தான் அந்தத் தம்பதியிடம் ஆசீர்வாதம் வாங்குவது அவ்வளவு பெரிய பேறாக இருந்தது. இன்று நம் இரண்டு பிளாக்குகளுக்குள்ளேயே ஒரு வருடத்தில் பல வருகின்றன. தடுப்பூசிக்கும், குடிநீர்க் குழாய்க்கும், பிரசவ ஆஸ்பத்திரிக்கும் இதில் பங்கு உண்டு. பத்திரிகையில் அவற்றின் பெயரை யாரும் போடுவதில்லை.

இன்னொன்று, முதல் கல்யாணத்தின் வயது. பிராமணர் முதலிய சில சமூகங்களில் பெண்களுக்குப் பூப்பெய்தும் முன்பே கல்யாணம் செய்துவிடுவது கட்டாயமாக இருந்தது. 1929-ல் சாரதா சட்டம் என்று பெயர் பெற்ற குழந்தை மணத் தடைச் சட்டம் வந்து பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வைத்தது. நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. அதற்கு முந்தைய மாதங்களில் நாடு முழுக்கக் குழந்தைக் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்தன; 1931 கணக்கெடுப்பிலேயே அதன் தடம் தெரிந்தது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 1930 மார்ச்சில் எட்டு வயதுச் சிறுமிக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் கல்யாணம். அவருக்கு 60 நிறைவது 1974-ல். அப்போது அந்தப் பெண்ணுக்கு 52. முதல் கல்யாணத்தில் அப்பா மடியில் உட்கார்ந்து தூங்கி வழிந்தவள். மாப்பிள்ளை முகம் நினைவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. நாலு நாள் கல்யாணத்தில் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கக்கூடியது ஊஞ்சலும் பட்டுப்பாவாடையும்தான். அந்தத் தலைமுறைப் பாட்டிமார்களுக்குத் தாமே கண்விழித்துப் பார்த்த கல்யாணம் அறுபதாம் கல்யாணம்தான். எதிரே இருப்பவர் யார் என்று நன்றாகத் தெரிந்து, கழுத்தை நீட்டிய கல்யாணம். என் பாட்டி தம்முடைய இரண்டு கல்யாணங்களில் இரண்டாவதைத்தான் 'என் கல்யாணம்' என்பார். முதலாவது 'எனக்குப் பண்ணிவைத்தது'.

ஒரு ஆண்மகனின் ஆயுளுக்கான சாந்தியில் தாலி வந்து ஒட்டிக்கொண்டதற்கும், பிறகு அதுவே விழாவாக மாறியதற்கும் சாஸ்திரத்தில் காரணம் தேட வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுப் பெண்களுக்கு அது தேவைப்பட்டது, பிள்ளைகளுக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. போதாதா?

தாலி கட்டும்போது சொல்லும் சுலோகத்தின் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். அது வேத மந்திரம் அல்ல என்று சாஸ்திரிகளே சொல்வார்கள். என் வாழ்வுக்குக் காரணமான இந்த மங்கலக் கயிற்றை உன் கழுத்தில் கட்டுகிறேன் என்று தொடங்கி, நீ நூறு ஆண்டு வாழ வேண்டும் என்று முடிகிறது. முன்பகுதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மனைவியின் கழுத்தில் கணவனின் உயிர் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. பின்பகுதியில் நூறாண்டு கேட்பது அவளுக்கு. காலையிலிருந்து ஹோமத்தில் கணவனின் ஆயுளுக்கே எல்லா வேண்டுதலும் போன பிறகு, அன்று முழுவதிலும் அவளுடைய ஆயுளுக்கென்று தனியாகச் சொல்லப்படும் வாக்கியம் அதுதான். மேளக்காரர் கெட்டிமேளம் முழங்கும் நேரம் என்பதால் யார் காதிலும் விழுவதில்லை.

இதே நூற்றாண்டில் இன்னொரு ஓட்டமும் இருந்தது. புரோகிதர் இல்லாமல், புரிகிற தமிழில் உறுதிமொழி சொல்லிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் கடைசியில் தொடங்கின. 1955 இந்து திருமணச் சட்டம் வந்தபோதும் அவற்றுக்குச் சட்டத் துணை இல்லை. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-ல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைத் தந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கிறோம் என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். தாலி கட்டினாலும் போதும். அதற்கு முன்பே நடந்திருந்தவையும் செல்லும் என்றது சட்டம். அந்த வழி வந்த குடும்பங்களிலும் தமிழறிஞர் வீடுகளிலும் அறுபது என்பது மணிவிழா ஆயிற்று. ஹோமத்துக்குப் பதில் மேடை, கலசத்துக்குப் பதில் மணிவிழா மலர். கவனித்தால் அங்கும் மலரின் அட்டையில் ஒருவர் படம்தான் பெரிதாக இருக்கும். அம்மையார் உள்ளே நாலாம் பக்கத்தில் இருப்பார்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் கணக்கு வேறு. அவர்கள் கணவனின் வயதை எண்ணுவதில்லை, கல்யாண நாளை எண்ணுகிறார்கள். 25-ல் வெள்ளிவிழா, 50-ல் பொன்விழா. தம்பதி கோயிலில் பீடத்தின் முன் நின்று தம் வாக்குறுதியைப் புதுப்பித்து ஆசி பெறுகிறார்கள். அன்று சொன்னதை இருவரும் இன்றும் சொல்கிறார்கள். கணக்கு இருவருக்கும் பொது என்பதால் யார் விழா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனி உங்கள் விழா. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு புதுச் சூழ்நிலை: மத்திய அரசில் ஓய்வு வயது 1998-ல் 60 ஆனது, தமிழ்நாடு அரசில் 2020-ல் 59, 2021-ல் 60. முன்பு 58-ல் ஓய்வு, இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். இப்போது பணிநிறைவும் கல்யாணமும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. கையில் மொத்தமாகப் பணம் வந்திருக்கும் நேரம்; பிள்ளைகளும் ஜமாய்த்துவிடலாம் என்பார்கள். அந்தப் பணம் இருவரும் இன்னும் இருபது வருடம் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பணம். செலவுக்கு மேல்வரம்பை நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடிவு செய்துவிட்டு, பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

எங்கே செய்வது என்பதை வீட்டம்மாவிடம் முதலில் கேளுங்கள். திருக்கடையூர் என்று நீங்கள் ஆசைப்படலாம். மூட்டுவலியோடு விடியற்காலை நாலு மணிக்கு ஈரப்புடவையில் உட்காரப் போகிறவர் அவர். எங்கே செய்தாலும் கலச நீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொல்லுங்கள். உறவினர் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு சொம்பு வார்த்தால் வெகுநேரம் நனைய வேண்டியிருக்கும். நெருங்கியவர்கள் வார்த்தால் போதும், மற்றவர்கள் அட்சதை போடலாம். பலகைக்குப் பதில் நாற்காலி கேட்பதில் ஒரு குறையும் இல்லை. நம் ஹாலில் செய்வதாக இருந்தால், புகை உணர்வான் இருப்பதால் உள்ளே ஹோமம் வளர்த்தால் மூன்று பிளாக்கிலும் அலாரம் அடிக்கும். ஹோமத்தை மொட்டை மாடியிலோ பார்க்கிங்கை ஒட்டிய திறந்த இடத்திலோ வைத்துக்கொண்டு, தாலி கட்டுவதையும் விருந்தையும் ஹாலில் வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொட்டை மாடித் தரை நனைந்தால் வழுக்கும்; ரப்பர் பாய் போடுங்கள்.

வாத்தியாரிடம் சங்கற்பத்திலேயே மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்த விழாக்களில் கேட்டவர்களுக்கு யாரும் மறுத்ததில்லை. தாலி கட்டும் சுலோகத்தின் பொருளை மேளத்துக்கு முன் ஒருமுறை தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாலி கட்டிய பிறகு ஐந்து நிமிடம் மைக்கை வாங்கி, அறுபது நிறைந்தவர் தம் மனைவியைப் பற்றிப் பேசலாம். கூச்சமாக இருந்தால் எழுதி வைத்துப் படிக்கலாம். மனைவியும் பேச விரும்பினால் நேரம் விடுங்கள், சாப்பாடு ஆறிப்போகாது.

ஒரு காகித வேலையும் இருக்கிறது. இப்போது நடக்கும் கல்யாணத்துக்குச் சட்டப்படி தனி மதிப்பு எதுவும் இல்லை; உங்கள் திருமணம் அன்றைக்கே ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டம் வந்தது 2009-ல்தான். அதற்கு முன் மணமான பலரிடம் பத்திரிகையும் கறுப்பு வெள்ளை ஆல்பமும் தவிர வேறு அத்தாட்சி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் போக விசாவுக்கும், பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்கும் சான்றிதழ் கேட்டால் அப்போது தவிப்பது பெரும்பாலும் மனைவிதான். பழைய திருமணத்தையும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். விழாவுக்காக ஆதாரையும் பழைய பத்திரிகையையும் தேடி எடுக்கும் இந்த நேரத்திலேயே அதையும் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, நம் குடியிருப்பில் இந்த விழாக்களின்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிற சிலரைப் பற்றி. கணவரை இழந்த அம்மாக்கள். அவர்களுடைய அறுபதும் எழுபதும் யாருக்கும் தெரியாமல் கடந்து போய்விட்டன, ஏனென்றால் எண்ணுவதற்கு அவர் இல்லை. சாந்தி என்பது ஆயுளைப் பற்றியது என்று மேலே பார்த்தோம். ஆயிரம் பிறை கண்ட கண்கள் என்றால் அவர்கள் கண்களும் அதே ஆயிரத்தைத்தான் கண்டன. உங்கள் வீட்டில் அம்மா எண்பதைத் தாண்டியிருந்தால் ஒரு ஆயுஷ்ய ஹோமம், ஒரு புதுப்புடவை, பேரன் பேத்திகள் வரிசையில் நின்று நமஸ்காரம் என்று செய்யத் தாலி தேவையில்லை. உங்கள் அறுபதில் அட்சதை போட முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். வரத் தயங்குவார்கள், நேரில் போய் அழையுங்கள், வாட்ஸ்அப் போதாது.

கணவனின் வருடத்தைப் பஞ்சாங்கத்தில் பார்க்கும் கையோடு மனைவியின் வருடத்தையும் பார்த்து வையுங்கள். உங்கள் மனைவி 1970 சித்திரையிலிருந்து 1971 பங்குனிக்குள் பிறந்தவர் என்றால், அவர் பிறந்த வருடம் 2030 ஏப்ரலில் திரும்பி வருகிறது. அந்த வருடத்தின் பெயர் சாதாரண. ஹால் நோட்டில் இப்போதைக்கு அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.